தொட்டியிலிருந்து சக்கரம் வரை: பெட்ரோலும் அதன் போட்டியாளர்களும்

நீண்ட தூரம் ஓட்டி நிறுத்திய பெட்ரோல் காரின் பானெட் மேல் கையை வைத்துப் பாருங்கள், சுடும். ரேடியேட்டர் இன்னும் சுடும். சைலன்சரைத் தெரியாமல் தொட்டுவிட்டால் தோல் வெந்துவிடும். அந்தச் சூடு முழுக்கக் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல். ஊற்றியதில் சுமார் கால் பங்கு ஆற்றல்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது, மீதி காற்றைச் சூடாக்கிவிட்டுப் போய்விடுகிறது. மின்காரில் கணக்கு கிட்டத்தட்டத் தலைகீழ். பேட்டரியை விட்டுக் கிளம்பும் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சக்கரம் வரை போய்ச் சேர்கிறது.

மாற்று எரிபொருள் என்றாலே புகையைப் பற்றித்தான் முதலில் பேசுகிறோம். அது சரிதான். ஆனால் போட்டியில் யார் நிலைப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால் நான் பார்ப்பது இந்தச் சிந்தல் கணக்கைத்தான். தொட்டியிலிருந்து சக்கரத்துக்கு வருவதற்குள், இன்னும் சொல்லப்போனால் தொட்டிக்கே வந்து சேருவதற்குள், எவ்வளவு வழியில் சிந்துகிறது? அதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி, கார் ராத்திரியில் எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பெட்ரோலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான். அதற்குள் கிட்டத்தட்ட 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. அதே 9 யூனிட்டைப் பிடித்து வைக்க இன்றைய கார் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடை போட வேண்டும். முக்கால்வாசியைச் சிந்திய பிறகும் பெட்ரோல் கார் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இந்த அடர்த்திதான் காரணம். கையில் இவ்வளவு இருந்தால் வீணடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

நிரப்பும் வேகம் இன்னொரு பலம். பெட்ரோல் பங்கில் குழாய் நிமிடத்துக்கு 35 லிட்டர் ஊற்றுகிறது என்று வையுங்கள். அதை மின்சாரக் கணக்கில் மாற்றிப் பார்த்தால் 18 மெகாவாட்டுக்கும், அதாவது 18,000 கிலோவாட்டுக்கும், மேலே போகிறது. ஒற்றைக் கையில் பிடித்திருக்கும் குழாயில்! வீட்டில் மாட்டும் சாதாரண சார்ஜர் 7 கிலோவாட் அளவுதான். நெடுஞ்சாலையின் வேக சார்ஜர்கள் 150 முதல் 350 கிலோவாட். 2025 மார்ச்சில் சீனாவின் பிஒய்டி நிறுவனம் 1,000 கிலோவாட் சார்ஜிங்கை அறிவித்தபோது வாகன உலகம் அசந்து போனது. அதுவும்கூட பெட்ரோல் குழாயின் பக்கத்தில் நின்றால் சின்னப் பிள்ளைதான்.

சரி, அப்படியானால் மின்கார் எப்படித்தான் முன்னேறுகிறது? கார் தன் ஆயுளின் பெரும்பகுதியை ஓடாமல் நின்றே கழிக்கிறது என்பதால்தான். 18 மெகாவாட் வேகம் எப்போது தேவை? நாம் பக்கத்திலேயே நின்று காத்திருக்கும்போது. தூங்கும்போது சார்ஜ் ஏறினால் 7 கிலோவாட்டே அதிகம், எட்டு மணி நேரத்தில் 50 யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும், ஒரு நாள் ஓட்டத்துக்கு அதில் கால் பங்குகூடச் செலவாகாது. அதனால்தான் ராத்திரி கார் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். சொந்த இடத்தில், பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துபவருக்கு மின்கார் பெட்ரோல் காரைவிட வசதி. தெருவோரத்தில், கிடைத்த இடத்தில் நிறுத்துபவருக்கு அதே கார் வாரம் ஒருமுறை தலைவலி. இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து வாதம் செய்தால் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

இந்தச் சண்டை புதிதும் அல்ல. 1899-லேயே கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் மின்காரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டார், சாலை வண்டிகளில் அதுவே முதல் முறை. அந்த நாளில் பெட்ரோல் காரைக் கிளப்ப இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், அது திருப்பி உதைத்தால் கை முறியும். 1912-ல் கேடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டர் வந்தது, அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆக, பெட்ரோல் காரைக் கரையேற்றியதில் ஒரு குட்டி மின்மோட்டாருக்கும் பங்கு உண்டு. மின்கார் தன் உறவுக்காரனிடமே தோற்றது.

மின்காரின் பக்கம் உள்ள குறைகளையும் மறைக்க வேண்டாம். பேட்டரி செய்வதிலேயே நிறைய கார்பன் வெளியாகிறது, அதனால் தொழிற்சாலை வாசலில் மின்கார்தான் அதிகக் கடனோடு நிற்கும். ஓட ஓடத்தான் அந்தக் கடன் தீரும். நீர்மின்சாரம், காற்றாலை மிகுந்த நாட்டில் சீக்கிரம் தீரும், நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நாட்டில் இழுத்தடிக்கும். கடுங்குளிரில் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், கணிசமாகக் குறையும். பேட்டரி தீப்பிடிப்பது அபூர்வம்தான், ஆனால் பிடித்துவிட்டால் அணைப்பது கடினம், அணைந்த பிறகும் மறுபடி பற்றிக்கொள்ளும். பல பேட்டரிகளில் சேரும் உலோகமான கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருகிறது, அங்குள்ள சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்யும் கதை மறக்கக்கூடியதல்ல. கோபால்ட்டே தேவைப்படாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இப்போது பரவலாகிவிட்டது ஓர் ஆறுதல்.

பெட்ரோலின் கடனோ வேறு மாதிரி, அது தீரவே தீராது. முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டரை எரித்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. முக்கால் கிலோ எப்படி 2.3 கிலோவானது என்று முதலில் கேட்கும்போது தப்புக் கணக்கு போலத் தோன்றும். எரியும் கார்பன் ஒவ்வொன்றும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொண்டு போகிறது, எடை அங்கிருந்து கூடுகிறது.

ஹைட்ரஜனுக்கு வருவோம். காகிதத்தில் இதை அடிக்க ஆளில்லை: ஒரு கிலோவில் 33 யூனிட், பெட்ரோலைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். நிரப்ப ஐந்து நிமிடம், சைலன்சரில் வருவது தண்ணீர். 2014-ல் வந்த டொயோட்டா மிராய் கார் இதை ஓட்டியும் காட்டியது. சிக்கல் என்னவென்றால் இது வாயு. காரில் அடைக்க 700 பார் அழுத்தம் வேண்டும், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 700 மடங்கு. அப்படி அழுத்திய பிறகும் இரண்டாம் தலைமுறை மிராயின் மூன்று தடித்த உருளைகளில் ஆறு கிலோகூட அடங்குவதில்லை.

சிந்தல் கணக்கு இதைவிட மோசம். காற்றாலையில் 100 யூனிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக பேட்டரியில் ஏற்றினால் 70-க்கு மேல் சக்கரத்துக்கு வரும். அதே 100 யூனிட்டில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அழுத்தி, லாரியில் ஏற்றி, காரின் ஃப்யூயல் செல்லில் மறுபடியும் மின்சாரமாக்கினால் 30 வந்தால் பெரிது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான். போதாததற்கு, இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுப்பது, தண்ணீரிலிருந்து அல்ல. 2024 தொடக்கத்தில் ஷெல் நிறுவனம் கலிபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை மூடிவிட்டது. எஃகு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் சுத்தமான ஹைட்ரஜன் அவசியம் தேவை. சொந்தக் காருக்கு இது வரும் என்று நான் நம்பவில்லை.

எத்தனால் கதை வேறு, இதில் சோதனை முடிந்து பல்லாண்டு ஆகிவிட்டது. எண்ணெய் விலை ஏறியதில் அடிபட்ட பிரேசில் 1975-ல் கரும்புச் சாராயத் திட்டத்தைத் தொடங்கியது. 1979-ல் எத்தனாலில் மட்டுமே ஓடும் ஃபியட் 147 கார் வந்தது. 2003-ல் எந்த விகிதத்தில் கலந்து ஊற்றினாலும் ஓடும் ஃபிளக்ஸ் கார் வந்தது. எத்தனாலின் ஆக்டேன் அதிகம், அதாவது நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றி எஞ்சினைத் தட்டவைக்காது. ஆனால் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான், அதனால் மைலேஜ் இறங்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் இது ஆகாது.

எனக்கு உறுத்துவது நிலம். பயிர் தன்மேல் விழும் வெயிலில் ஒரு சதவீத அளவைத்தான் உடலில் சேர்க்கிறது. சூரியத் தகடு 20 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. பயிரை எத்தனாலாக்கி, அதையும் கால் பங்கு தேறும் எஞ்சினில் எரித்தால் கடைசியில் என்ன மிஞ்சும்? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களில் கொஞ்சம் கலப்பதற்கு எத்தனால் நல்லது. அதை நம்பி எதிர்காலத்தையே எழுதிக் கொடுக்க முடியாது.

அழுத்திய இயற்கை எரிவாயுவான சிஎன்ஜியும், சமையல் வாயு வகையான எல்பிஜியும் பெட்ரோலின் தம்பிகள். புகை குறைவு, செலவு குறைவு, டிக்கியில் பாதி சிலிண்டருக்குப் போய்விடும். சிஎன்ஜியில் இருப்பது மீத்தேன், குழாயில் கசிந்தால் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும். செயற்கைப் பெட்ரோலும் ஒன்று உண்டு. சிலியின் தென்கோடியில், கார் நிறுவனமான போர்ஷேயின் ஆதரவோடு, காற்றாலை மின்சாரத்தில் அதைத் தயாரிக்கும் ஆலை 2022 இறுதியில் ஓடத் தொடங்கியது. ஹைட்ரஜன் எடுத்து, அதைக் கார்பனோடு சேர்த்துப் பெட்ரோலாக்கி, கடைசியில் மறுபடி அந்தப் பழைய எஞ்சினிலேயே எரிப்பது. சிந்தலில் முதல் பரிசு இதற்குத்தான். பழைய கார் பிரியர்களுக்கு வேண்டுமானால் ஆகும்.

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிடை மட்டும் அலட்சியமாகத் தள்ள மனம் வரவில்லை. 1997-ல் டொயோட்டாவின் பிரியஸ் கார் செய்தது எளிய காரியம்: பிரேக் பிடிக்கும்போது சூடாகிப் போகும் ஆற்றலை ஒரு சின்ன பேட்டரியில் பிடித்துக்கொண்டது. நெரிசலில் நின்று நின்று ஓடும்போது அது நன்றாகவே மிச்சம் பிடிக்கும். பிளக்கில் மாட்டும் ஹைபிரிட் விஷயத்தில்தான் மனிதர்கள் குறுக்கே வந்துவிடுகிறார்கள். நிஜ ஓட்டத்தில் அவை வெளியிடும் கார்பன், சோதனைக்கூடக் கணக்கைப் போல மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024-ல் அறிவித்தது. பலர் கேபிளை எடுத்து மாட்டுவதே இல்லை.

விற்பனையைப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார். உலக அளவில் அதே ஆண்டில் பிளக்கில் மாட்டும் கார்கள் 1.7 கோடிக்கு மேல் விற்றன, ஐந்தில் ஒன்றுக்கும் அதிகம். சீனாவில் கிட்டத்தட்டப் பாதி. பேட்டரியின் விலை 2010-ல் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது, சட்டங்களைவிட இதுதான் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. சட்டம் தடுமாறும். 2035-க்குப் பிறகு புதிய பெட்ரோல் கார் கிடையாது என்று 2023-ல் முடிவு செய்த ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதைத் தளர்த்தும் முயற்சி நடக்கிறது.

ஆனால் விற்பனை வேறு, சாலை வேறு. உலகில் ஓடும் கார்கள் நூறு கோடிக்கும் மேல். இன்று ஷோரூமைவிட்டு வரும் பெட்ரோல் கார் பதினைந்து, இருபது வருடம் கைமாறிக் கைமாறி ஓடும். நாளைக்கே விற்பனை நின்றாலும் பெட்ரோல் பங்க்குகள் உடனே காலியாகாது. முதலில் மின்கார் நிறைந்த பகுதியில் ஒன்று மூடும், அப்புறம் அடுத்தது. கடைசியில் பெட்ரோல் கார் வைத்திருப்பவர் முள்ளைப் பார்த்துக்கொண்டே பங்க் தேடி ஓட்டுவார், இன்று மின்கார்க்காரர் சார்ஜர் தேடுவதைப் போல. அவருக்கு ஒரு முன்னோடி உண்டு. 1888-ல் கணவர் செய்த காரில் நீண்ட பயணம் கிளம்பிய பெர்த்தா பென்ஸ், வழியில் எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் போய்க் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.