‘இந்தக் காசு ஏது?’ – திருகோணமலை வங்கிக் கருமபீடச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

வேறொருவர் கணக்கில் 2 இலட்சம் ரூபாவுக்கு மேல் காசாகக் கட்டப் போனால் அடையாள அட்டை இலக்கம், முகவரி, காரணம், கையொப்பம் நாலும் கேட்பார்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி நகரத்துக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் சுடுகின்றன. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் பல கருமபீடங்களில் அதைக் கேட்கத் தெரியவில்லை.

கேள்வி கிளை முகாமையாளர் கண்டுபிடித்தது அல்ல. 2006 இன் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டத்திலும், 2016 ஜனவரியில் வந்த வாடிக்கையாளர் பற்றிய உரிய விழிப்புக் கவன விதிகளிலும் இருப்பது அது. கண்காணிப்பது மத்திய வங்கிக்குள் இருக்கும் நிதியியல் உளவறிதல் பிரிவு. கறுப்புப் பணத்தைத் தடுப்பதில் குறையுள்ள நாடுகளைச் சர்வதேச அமைப்பொன்று போட்டு வைக்கும் ‘சாம்பல் பட்டியலில்’ 2017 இல் இலங்கை விழுந்து 2019 ஒக்டோபரில்தான் வெளியே வந்தது. ஒரு நாடு அப்படியொரு பட்டியலில் இருந்தால் வெளிநாட்டு வங்கிகள் அங்கே போகும் காசைக் கூடுதலாகத் துருவும். தோஹாவிலிருந்து மகன் அனுப்புவது மூதூருக்கு வந்து சேர்வதும் அந்த வங்கிகளின் வழியாகத்தான்.

அந்த 2 இலட்சம் எல்லையில் அடிக்கடி மாட்டுப்படுவது கடைக்காரர்கள். கடைப் பையன் தினமும் விற்பனைக் காசைக் கொண்டுபோய்க் கட்டுகிறான். ஒவ்வொரு நாளும் அவனை மூன்றாம் ஆளாக வைத்து விசாரிக்கிறார்கள். கணக்குக்காரர் அதிகாரமளித்த ஊழியரை விதி அப்படிப் பார்ப்பதில்லை. பையனின் பெயர், அடையாள அட்டைப் பிரதி, உங்கள் கையொப்பத்துடன் ஒரு கடிதம் கொடுத்துக் கோப்பில் போடச் சொல்லுங்கள். இந்த வழியைத் தாமாகச் சொல்லும் கிளைகள் குறைவு. சேவையில் நாங்கள் காணும் முதல் குறை இதுவே.

10 இலட்சமும் அதற்கு மேலும் காசாகக் கட்டினாலோ எடுத்தாலோ, இலத்திரனியல் முறையில் மாற்றினாலோ வங்கி நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிக்கை அனுப்பியே ஆக வேண்டும். அது குற்றச்சாட்டு இல்லை. தொகையைப் பார்த்துப் போவது. இதற்குப் பயந்து காணி விற்ற 12 இலட்சத்தை 4, 4, 4 என்று மூன்று நாளில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய பிழை இல்லை. வங்கியின் கணினி கூட்டிப் பார்க்கும். அப்போது போவது தொகை அறிக்கை அல்ல, சந்தேக அறிக்கை. சந்தேகம் எழுந்தால் 2 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். முழுத் தொகையையும் ஒரே நாளில், காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியோடு கட்டுங்கள்.

இனிப் பெயர். இங்கேதான் எங்கள் ஆட்கள் அதிகம் அல்லற்படுகிறார்கள். அடையாள அட்டையில் ‘சிவலிங்கம் இராஜேஸ்வரி’, கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு, கணவன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும்போது முதலெழுத்தோடு ‘எஸ். ராஜேஸ்வரி’. மூன்றும் ஒருத்தியே என்று எங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. காசு அங்கேயே நிற்கும், திருத்தம் அனுப்பியவர் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். அடையாள அட்டையின் முன்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறவருக்குக் கொடுங்கள். ஓர் எழுத்தும் மாறாமல் அவர் அப்படியே பதியட்டும். 9 இலக்கமும் ‘வி’ எழுத்தும் உள்ள பழைய அட்டையில் கணக்குத் திறந்து, இப்போது 12 இலக்க அட்டை வைத்திருப்பவர்கள் கிளையில் புதுப்பித்துவிட வேண்டும். செய்யாவிட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார்.

பயங்கரவாதத் தொடர்பு போன்ற காரணங்களால் தடைசெய்யப்பட்டவர்களின் பட்டியலில் உள்ள ஒரு பெயரோடு உங்கள் பெயர் ஒத்துப்போனாலும் காசு மறிபடும். தமிழ், முஸ்லிம் பெயர்களில் திரும்பத் திரும்ப வருபவை பல என்பதால் இது நடக்கவே செய்யும். பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் கொடுத்தால் பிரித்துக் காட்டலாம். இந்த இடத்தில் ஊழியர் பேசும் விதம் மிக முக்கியம். போர் முடிந்த ஊரில் ‘உங்கட பேர் லிஸ்ட்டில இருக்கு’ என்று வரிசை கேட்கச் சொல்வது கொடுமை. உள்ளே கூப்பிட்டுத் தணிந்த குரலில் விவரம் கேட்கும் கிளைகளும் நகரத்தில் உண்டு. அவர்களை மனதாரப் பாராட்டுகிறோம்.

ஒரு கருமபீடத்தில், ‘ஏது இவ்வளவு காசு?’ இன்னொன்றில், ‘அம்மா, காணி வித்த காசா? உறுதிக் கொப்பி ஒண்டு தந்தீங்களெண்டா பைலில போட்டுவிடுறன், பிறகு தேவைப்பட்டா உங்களுக்குத்தான் உதவும்.’ இரண்டுக்கும் விதி ஒன்றே, பிடிக்கும் நேரமும் ஒன்றே. முதலாவதைக் கேட்ட அம்மா அடுத்த முறை, வங்கிக்கு வெளியே கைமாற்றாகக் காசு அனுப்பித் தரும் உண்டியல்காரரிடம் போவார். ‘என்னைப் பற்றி அறிவிச்சிட்டீங்களா?’ என்று கேட்டால் மட்டும் எந்த ஊழியரும் பதில் சொல்ல மாட்டார். சந்தேக அறிக்கை போனதை வெளியே சொல்வதே சட்டப்படி குற்றம். அந்த மௌனத்தைத் திமிர் என்று எடுக்க வேண்டாம்.

உண்டியல் வாசலுக்கே வரும், விகிதமும் கொஞ்சம் கூட. ஆனால் தோஹாவில் மகன் கொடுத்த ரியால் அங்கேயே நிற்கிறது. தாயின் கையில் வரும் ரூபா, இங்கே வேறு யாரோ வெளியே அனுப்ப நினைத்த காசு. அது போதைப்பொருள் விற்றதாகவும் இருக்கலாம். பற்றுச்சீட்டும் இல்லை; நாளை அதில் வாங்கிய காணியை விற்கும்போது மூலத்தைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இராது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகளின் டொலரை மாற்றும் கடைகளுக்கு மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் வேண்டும். சுவரில் அது இருக்கிறதா, காலம் முடிந்ததா என்று பார்த்து, பற்றுச்சீட்டுத் தராத இடத்தில் மாற்றாமல் விடுங்கள்.

இளைஞர்களிடம் ஒன்று: உங்கள் கணக்கில் காசு வரவைத்து, எடுத்துக் கொடுத்தால் கொமிசன் தருகிறோம் என்று யார் சொன்னாலும் கணக்கையோ அட்டையையோ இரவல் கொடுக்காதீர்கள். மோசடிக் காசு முதலில் வந்து நிற்பது உங்கள் பெயரில். பொலிஸ் வருவதும் உங்கள் வீட்டுக்கே.

கருமபீடத்தில் மரியாதைக் குறைவோ, காரணமில்லாத தாமதமோ என்றால் தமிழிலேயே எழுதிக் கிளையில் கொடுத்து, திகதியிட்ட பிரதியொன்றை வைத்திருங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 இல் அழைக்கலாம்.