கார்ட்ரிட்ஜ் சீல்: முதலாவது 23 நாள், இரண்டாவது 16 மாதம்

கிளாண்ட் பேக்கிங், அதாவது ஷாஃப்டைச் சுற்றிக் கயிறு திணித்துக் கசிவை அடைக்கும் முறை. அது போட்ட பம்ப் சொட்டத்தான் வேண்டும். கயிற்றுக்கும் ஷாஃப்ட் மேல் போட்ட உறையான ஸ்லீவுக்கும் நடுவில் அந்தத் தண்ணீர் போனால்தான் சூடு தணியும். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரும்படிதான் கயிற்றை அழுத்தும் கிளாண்ட் நட்டை இறுக்குவோம். 60 சொட்டு என்றால் ஒரு நாளில் 4 லிட்டரைத் தாண்டிவிடும். எங்கள் வெந்நீர் பம்பில் ஓடுவது 70 டிகிரித் தண்ணீர். அந்த ஈரம் ஷாஃப்ட் ஓரமாகவே போய் பேரிங் ஹவுசிங்குக்குள் இறங்கும். லெவல் கண்ணாடியில் எண்ணெய் பால் நிறத்தில் தெரிந்தால், பேரிங் அதிக நாள் தாங்காது என்று தெரிந்துகொள்வேன்.

அதனால் சீலுக்கு மாறினோம். முதலில் போட்டது தனித்தனி உதிரியாக வரும் மெக்கானிக்கல் சீல். சுற்றும் முகம் ஒன்றும் நிற்கும் முகம் ஒன்றும் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டி நின்று தண்ணீரைத் தடுக்கும். ஸ்டஃபிங் பாக்ஸ் (பேக்கிங் கயிறு உட்காரும் அறை) முகத்தின் நேருக்கு ஸ்லீவில் கோடு கீறி, அங்கிருந்து அளந்து சீலை நிறுத்த வேண்டும். அளவு ஒரு மில்லிமீட்டர் மாறினால் ஸ்பிரிங் அழுத்தமும் மாறிவிடும். சாவிப் பள்ளத்தின் கூர்மையில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கீறிப்போனது ஒரு தடவை. இன்னொரு தடவை தவறு என்னுடையது. ஓ-ரிங் எளிதாக நுழையட்டும் என்று கையில் இருந்த சாதாரண கிரீஸைத் தடவினேன். அது ஈ.பி.டி.எம். ரப்பர். வெந்நீரை நன்றாகத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயையும் கிரீஸையும் தாங்காது. கழற்றிப் பார்த்தபோது ஊதிப் பருத்து, பள்ளத்தை விட்டுப் பிதுங்கிக்கொண்டிருந்தது. அன்று முதல் சிலிகான் கிரீஸ், இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர்தான்.

அப்புறம்தான் கார்ட்ரிட்ஜ் சீல் வாங்கினோம். 45 மி.மீ. ஷாஃப்டுக்கான ஒற்றை சீல். ஒரு முகம் கார்பன், எதிர்முகம் சிலிக்கான் கார்பைடு. கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை. இந்த வகையை வாங்கலாமா, எந்தப் பம்புக்கு வாங்கலாம் என்பதுதான் என் பேச்சு.

பெட்டியைப் பிரித்ததும் பிடித்துப்போனது. ஸ்லீவ், கிளாண்ட் பிளேட், இரண்டு முகங்கள், ஸ்பிரிங் எல்லாம் ஒன்றாகக் கோத்து வருகிறது. ஸ்பிரிங் அழுத்தம் ஃபேக்டரியிலேயே வைக்கப்பட்டு, அது கலையாமல் சுற்றிலும் செட்டிங் கிளிப்புகள் போட்டிருக்கிறார்கள். முகங்களைக் கையால் தொட வேண்டியதே இல்லை. அந்த முகங்களின் சமதளம் ஒரு மைக்ரானுக்குள் இருக்கும்படி தேய்த்தவை. விரல் ரேகையின் பிசுக்குகூட அங்கே பெரிய விஷயம்.

மாட்டும்போது வரிசை முக்கியம். முதலில் இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றும் சக்கரம்) இடைவெளியைச் சரிசெய்து முடிக்க வேண்டும். அடுத்து கிளாண்ட் நட்டுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்க வேண்டும். மோட்டாரையும் பம்பையும் நேர்க்கோட்டில் வைக்கும் கப்ளிங் அலைன்மென்ட் முடிந்த பிறகு, சீலின் காலரில் இருக்கும் கிரப் ஸ்க்ரூக்களை ஆலன் கீயால் இறுக்க வேண்டும். கிளிப்பை எடுப்பது கடைசியில்தான். எடுத்த பின் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை. முன்பு அரை ஷிஃப்ட் பிடித்த சீல் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

பம்பை ஓட விட்டோம், ஒரு சொட்டு இல்லை. 23-ஆம் நாள் கிளாண்டுக்குக் கீழே தண்ணீர் ஓடியது.

சீல் தரமில்லை என்று எழுதிவிட இருந்தேன். கூட வேலை பார்க்கும் பையன், “அண்ணே, பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்லலாமே” என்றான். பிரித்தோம். கார்பன் முகத்தின் அகலம் 4 மி.மீ. எதிர்முகத்திலும் 4 மி.மீ. தடம்தான் விழ வேண்டும். ஐந்தரை இருந்தது. சீல் தன் இடத்தில் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட்தான் நடுமையத்தில் சுற்றவில்லை. ரன்-அவுட்டை (கையால் சுற்றும்போது ஷாஃப்ட் எவ்வளவு விலகுகிறது என்பதை) டயல் கேஜில் பார்த்தோம், 0.05 மி.மீ.க்கு உள்ளேதான் இருந்தது. ஷாஃப்ட் நிரந்தரமாக வளைந்திருக்கவில்லை.

சக்‌ஷன் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் விடை வந்தது. குழாய் 6 மி.மீ. பக்கவாட்டில் துள்ளி நின்றது. அத்தனை நாளும் அந்தக் குழாயின் இழுப்பைப் பம்ப் கேசிங்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னொரு காரணம் அதைவிடப் பழையது. பம்பைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே வந்தது. பம்ப் கர்வில் (ஓட்டத்துக்கு ஏற்பத் திறன் மாறுவதைக் காட்டும் வரைபடம்) திறன் உச்சமாக இருக்கும் இடம் மணிக்கு 60 கன மீட்டர். எங்களுக்குத் தேவை 36. ‘பின்னால் தேவைப்படும்’ என்று பெரிதாக வாங்கி, டெலிவரி வால்வை நெரித்து ஓட்டிக்கொண்டிருந்தோம். பம்புகளுக்கான ஏ.பி.ஐ. 610 தரநிலை, பம்ப் ஓட உகந்த இடம் உச்சத்திறன் ஓட்டத்தின் 70 முதல் 120 சதவீதம் என்கிறது. நாங்கள் 60 சதவீதத்தில் இருந்தோம். ஓட்டத்தை நெரித்தால் வால்யூட் என்ற சுருள் வடிவக் கேசிங்குக்குள் இம்பெல்லரைச் சுற்றி அழுத்தம் சமமாக இருக்காது; ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலில் ஓடும்போது ஷாஃப்ட் வளைந்துகொடுக்கும், சீல் முகம் அந்த வளைவைத் தடமாகப் பதிவு செய்யும். பெரிய பம்ப் வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு அந்த ஐந்தரை மி.மீ. தடத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

குழாய்க்கு சப்போர்ட் வைத்து, ஃபிளாஞ்சுகள் கைப்பலத்திலேயே சேரும்படி செய்தோம். மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. போட்டு, வால்வை முழுதாகத் திறந்து, 2900-இல் ஓடியதை 1740 சுற்றுக்கு இறக்கினோம். இது சுற்றோட்ட லைன், எதிர்ப்பு முழுக்க உராய்வுதான் என்பதால் கணக்கு சரியாக வந்தது. வேகம் 60 சதவீதம் ஆனால் தேவைப்படும் சக்தி 22 சதவீதத்துக்கும் கீழே போகும். இரண்டாவது சீல் போட்டு 16 மாதம் ஆகிறது. கிளாண்டுக்குக் கீழே தரை காய்ந்திருக்கிறது, எண்ணெய் தேன் நிறத்திலேயே இருக்கிறது.

சீலுக்கு 5-க்கு 4 தருவேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது, கூட வரும் விளக்கத் தாளுக்காக. கிளிப்புகளைப் பத்திரமாக வையுங்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பின்னால் இம்பெல்லரைத் திரும்ப அட்ஜஸ்ட் செய்யவோ சீலை முழுதாகக் கழற்றவோ அந்தக் கிளிப்புகள் வேண்டும். எங்கள் முதல் சீலின் கிளிப்புகள் குப்பைக்குப் போய்விட்டன. இரண்டாவதின் கிளிப்புகளைக் கம்பியில் கோத்து பம்ப் பேஸிலேயே கட்டி வைத்திருக்கிறோம். வாங்கும் முன் இன்னொன்றையும் அளந்துகொள்ளுங்கள். ஸ்டஃபிங் பாக்ஸ் முகத்திலிருந்து பேரிங் ஹவுசிங் வரை எவ்வளவு இடம் இருக்கிறது? பழைய பேக்கிங் பம்புகள் சிலவற்றில் கார்ட்ரிட்ஜின் நீளத்துக்கு அங்கே இடம் போதாது.

ஓட விடும் முன் சீல் அறையிலிருக்கும் காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். காய்ந்து ஓடினால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அதற்குள் முகத்தில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். ஷாஃப்ட் ஆடும் பழைய பம்ப், பார்த்துக்கொள்ள ஆள் பக்கத்திலேயே இருக்கும் பம்ப் என்றால் பேக்கிங்கிலேயே விட்டுவிடுங்கள். அங்கே இந்த சீலுக்குச் செலவழிப்பது வீண்.

ஸ்டாண்ட்பை பம்புக்கும் இதே சீல் வந்து ஸ்டோரில் இருக்கிறது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. அதன் சக்‌ஷன் குழாய்க்கு சப்போர்ட் வெல்டிங் வியாழக்கிழமை முடிகிறது, அதற்கு அப்புறம்தான் பிரிப்பேன்.