ரீப்பர்: 'சடசட' எங்கிருந்து வருது?

ரீப்பர் என்ற பாட்டு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைப் பற்றி யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "அதுல தபேலா இருக்கா, வயலின் இருக்கா?" என்பதுதான். இல்லை. தபேலாவும் இல்லை, வயலினும் இல்லை, கேட்கிற மாதிரி ஒரு பியானோ கூட இல்லை. திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் பலகை வந்து நிற்கும். தொட்டதும் தாளம் போட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இத்தோடு வேறு சாஃப்ட்வேர் பார்க்கப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

செங்கோட்டையில் வீட்டு மாடி அறையில் வைத்துப் பாட்டு ரெக்கார்டிங் செய்கிறேன். எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. கம்ப்யூட்டர் திணறும்போது, யாரால் திணறுகிறது என்று ஆளைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு குணத்துக்காகவே இந்த விமர்சனம்.

இங்கே புரட்டாசி பிறந்தால் ஐயப்பன் பாட்டு சீசன். கார்த்திகை ஒண்ணாம் தேதிக்குள் எல்லாருக்கும் பாட்டு கையில் இருக்க வேண்டும். கடையநல்லூர், தென்காசி பஜனைக் குழுக்களும் வருவார்கள். கோட்டவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர்க்காரர்களும் வருவார்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரே மெட்டில் தமிழிலும் வேண்டும், மலையாளத்திலும் வேண்டும். ஆக ஒரு பாட்டுக்கு இரண்டு பாட்டு அளவுக்கு டிராக்கு (ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனியாகப் பதியும் வரிசை) சேர்ந்துவிடும். இவ்வளவையும் சுமப்பது ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப் ஒன்று. பிராசசருக்குள் கணக்குப் போடும் கோர் இரண்டே இரண்டு, 8 ஜிபி ரேம். பாட்டு பாதியில் 'சடசட'வென்று பொரிய ஆரம்பித்ததும் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மேசையில் வைத்து மூடியைத் திறந்த கையோடு, "போர்டு வீக்கு சார், புதுசு வாங்கிருங்க" என்று முடித்துவிட்டார்கள். என்ன சாஃப்ட்வேர் ஓடுகிறது, எப்போது பொரிகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரீப்பரில் வியூ மெனுவுக்குள் பர்ஃபார்மன்ஸ் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. பார்க்க ஒன்றும் பெரிசாக இருக்காது. சின்ன கிராஃபும் கீழே ஒரு பட்டியலும்தான். மொத்த சீபியூ எவ்வளவு, ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று மேலே ஓடும். கீழே ஒவ்வொரு டிராக்கும் தனித்தனியாக எவ்வளவு தின்கிறது என்று காட்டும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் ஒட்டுமொத்தமாக 'ரீப்பர் 40 சதவீதம்' என்று மட்டும் சொல்லும். 40 சதவீதத்தில் ஏன் பொரிகிறது என்று மண்டை காய வேண்டியதுதான். விஷயம் என்னவென்றால், ஒரு டிராக்கில் வரிசையாகப் போட்ட எஃபெக்டுகள் (எதிரொலி மாதிரி ஒலியை மாற்றும் சேர்க்கைகள்) ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும். முதலாவது முடித்துக் கொடுத்தால்தான் இரண்டாவது வாங்கும். அதனால் அந்த வரிசை முழுவதும் ஒரே கோரின் தலையில் விழும். மற்ற கோர் சும்மா உட்கார்ந்திருக்க, அது ஒன்று மட்டும் மூச்சு முட்டும். சராசரி எண்ணில் இது தெரியாது. ரீப்பரின் மீட்டரில் 'ஆர்டி சீபியூ' என்று தனியாக ஒரு எண் இருக்கிறது, நேரத்துக்குள் முடித்தே ஆக வேண்டிய ஆடியோ வேலை எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்று சொல்வது. என் அனுபவத்தில் அது ஏறுகிற இடத்தில்தான் சடசட.

புளியரையிலிருந்து ஒரு பையன், நல்ல குரல், வீட்டிலேயே பாடிப் பதிந்து புராஜெக்டைக் கொண்டுவந்தான். "அண்ணாச்சி, சரணம் வர்ற எடத்துல மட்டும் நின்னு நின்னு போவுது." திறந்து மீட்டரைப் பார்த்தேன். சரணக் கோரஸுக்கு 14 டிராக். ஒவ்வொன்றிலும் ரியாவெர்ப் போட்டு, கோவில் மண்டபம் மாதிரி நீளமான எதிரொலி வைத்திருந்தான். ரியாவெர்ப் என்பது கன்வல்யூஷன் வகை ரிவெர்ப், அதாவது எதிரொலி எஃபெக்ட். உண்மையான ஓர் இடத்தில் பதிந்த எதிரொலியை எடுத்து, வருகிற ஒலி ஒவ்வொன்றோடும் பெருக்கிக் கூட்டும். எதிரொலி நீள நீளக் கணக்கும் நீளும். பட்டியலில் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தவில்லை, எல்லாம் சின்னச் சின்ன எண். ஆனால் 14 பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கும்போதுதான் இயந்திரம் படுத்துக்கொண்டது.

புதிதாக ஒரு டிராக் போட்டு 'மண்டபம்' என்று பெயர் வைத்தேன். அதில் மட்டும் ஒரு ரியாவெர்ப். கோரஸ் டிராக்குகளின் ரவுட் பட்டனை மவுஸால் பிடித்து இழுத்து மண்டபத்தின் மேல் விட்டால் போதும், சென்ட், அதாவது ஒலியின் ஒரு நகல் அங்கே போகும் வழி, உருவாகிவிடும். வேறு சாஃப்ட்வேர்களில் இதற்கு நாலு மெனு ஏறி இறங்கியிருக்கிறேன். 14 ரிவெர்ப்பையும் அழித்ததும் சீபியூ எண் பாதிக்கும் கீழே வந்தது. சத்தமும் தேறியது. முன்னால் 14 பேரும் தனித்தனி மண்டபத்தில் நின்று சரணம் விளித்த மாதிரி இருந்தது, இப்போது ஒரே மண்டபத்துக்குள் வந்துவிட்டார்கள். பையனுக்கு லேப்டாப் சரியானதைவிட இதில்தான் சந்தோஷம்.

அடுத்தது லேட்டன்சி, அதாவது வாசித்த ஒலி காதுக்குத் திரும்ப வரும் தாமதம். ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து சாஸ்தாம்பாட்டுக்கு உடுக்கு வாசிக்கும் ஒருவர் வந்தார். ஹெட்ஃபோனை மாட்டி நாலு கொட்டு கொட்டினார், கழற்றி வைத்துவிட்டார். "அண்ணாச்சி, நான் கொட்டுனது எனக்கே பொறத்தாலே கேக்குது. தாளம் நிக்காது." மிக்ஸிங்குக்காக பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவையில் சேர்த்து வாங்கும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கை, 1024-இல் இருந்தது. நொடிக்கு 44,100 சாம்பிள் ரேட்டில் 1024 சாம்பிள் என்பது ஏறத்தாழ 23 மில்லி செகண்ட். உள்ளே வர ஒரு 23, வெளியே போக ஒரு 23, ஆக 46. மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி எடுக்கும் நேரம் அதற்கு மேலே. 46 மில்லி செகண்டில் ஒலி காற்றில் 16 மீட்டர் போய்விடும். எதிர்த் தெருவில் நின்று யாரோ வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு தாளம் பிடி என்றால் யாருக்கு வரும்?

128-க்கு இறக்கினால் ஒரு வழிக்கு 3 மில்லி செகண்டுக்குள் வந்துவிடும். இறக்கினால் பொரியும், அதுதான் சிக்கல். பஃபர் சின்னதானால் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் அவகாசமும் சின்னது. இந்த இடத்தில் ரீப்பரின் உள்வேலை ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏற்கெனவே பதிந்த டிராக்குகளின் எஃபெக்டுகளை அது முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும், வழக்கமான அமைப்பில் 200 மில்லி செகண்ட் முன்னால். பாட்டு ஓடும்போது பழைய லேப்டாப்பும் சமாளிப்பது இதனால்தான். ஆனால் ரெக்கார்டுக்குத் தயாராக வைத்து, வாசிக்க வாசிக்கவே ஹெட்ஃபோனில் கேட்கிற (மானிட்டர் பண்ணும்) டிராக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. உடுக்குக்காரர் அடுத்து எப்போது கொட்டுவார் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஆகவே அந்த டிராக்கில் எஃபெக்டே போடக் கூடாது. எல்லா டிராக்கும் சேர்ந்து வெளியே போகும் மாஸ்டரிலும் கை வைக்க வேண்டும். எஃபெக்ட் ஜன்னலின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கும்: எவ்வளவு சீபியூ, எத்தனை சாம்பிள் தாமதம். மாஸ்டரில் உட்கார்ந்திருந்த லிமிட்டருக்கு அங்கே பூஜ்யத்துக்குப் பதில் ஒரு பெரிய எண் நின்றது. லிமிட்டர், சத்தம் எல்லை மீறாமல் முன்னால் எட்டிப் பார்த்து அமுக்குகிற ஜாதி. எட்டிப் பார்க்க நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை எல்லா டிராக்கும் சேர்ந்து காத்திருக்கும். பஃபரை எவ்வளவு குறைத்தாலும் இது போகாது. லிமிட்டரை அணைத்தேன்.

சுமையை இன்னும் குறைக்க ஆர்மோனியத்தையும் தம்புராவையும் ஃப்ரீஸ் பண்ணினேன். டிராக் மேல் வலது கிளிக், ஃப்ரீஸ் டு ஸ்டீரியோ. வாத்தியத்தின் பதிந்த ஒலித் துண்டுகளான சாம்பிள் லைப்ரரி ரேமிலிருந்து இறங்கிப்போகும், அதன் இடத்தில் சாதாரண ஆடியோ நிற்கும். சுருதி மாற்ற வேண்டுமென்றால் அன்ஃப்ரீஸ், எல்லாம் பழையபடி திரும்ப வரும். ரீப்பரில் எனக்கு மிகவும் பிடித்த பட்டன் எது என்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். 128-இல் ஒரு பொரி கூட இல்லாமல் உடுக்கு முடிந்தது. மனுஷன் பாதிப் பாட்டிலேயே கண்ணை மூடிவிட்டார்.

(குரல் மட்டும் எடுப்பதென்றால் இத்தனை பாடு வேண்டாம். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தால் அதைப் போட்டுவிட்டு, பஃபரை எங்கேயாவது வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் கம்ப்யூட்டர் வழியாகத் தன்னைக் கேட்கவே மாட்டார். ஆனால் அதே நேரம் ரீப்பரில் மானிட்டரை அணைக்காவிட்டால் ஒரே குரல் இரண்டாகக் கேட்கும்.)

மீட்டரில் எல்லாம் சாதுவாக இருக்கும், ஆனாலும் நடுநடுவே ஒரு 'டிக்' விழும். அப்போது ரீப்பரைக் குடைந்து பிரயோஜனமில்லை, வெளியே தேட வேண்டும். லேட்டன்சிமான் என்று இலவச சாஃப்ட்வேர் ஒன்று உண்டு. விண்டோஸின் எந்த டிரைவர் நடுவில் புகுந்து ஆடியோவைக் காக்க வைக்கிறது என்று அது சொல்லும். என்னுடையதில் சிவப்பாக நின்றது நெட்வொர்க் டிரைவர். வைஃபையை அணைத்ததும் டிக் நின்றது. ரெக்கார்டிங் நேரத்தில் வைஃபை எதற்கு? பாட்டு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் முன்கூட்டியே அனுப்பட்டும்.

கரண்ட் விஷயம் இந்த ஊருக்கென்றே உள்ளது. ஆனி, ஆடியில் கணவாய் வழியாகக் காற்று அடித்துக்கொண்டு வந்தால் சாரலோடு சேர்ந்து கரண்டும் வந்து வந்து போகும். போகிற நொடியில் லேப்டாப் பேட்டரிக்குத் தாவும். பேட்டரியைக் காப்பாற்ற விண்டோஸ் வேகத்தை இறக்கும். ஓடிக்கொண்டிருந்த டேக் பாழ். பவர் ஆப்ஷன்ஸில் ஹை பர்ஃபார்மன்ஸைப் போட்டு, பேட்டரியில் ஓடும்போதும் பிராசசரின் குறைந்தபட்ச நிலையை 100 சதவீதமாக வைத்தேன். யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைத்தேன், இல்லாவிட்டால் இன்டர்ஃபேஸைத் தூங்கவைக்கப் பார்க்கும். இன்டர்ஃபேஸை ஹப் வழியாகச் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகுவது நல்லது.

வெயில் காலத்தில் வேறு கதை. ஓட்டுக்கு அடியில் இருக்கும் மாடி அறை, ஃபேன் சத்தம் மைக்கில் ஏறும் என்று அதையும் நிறுத்திவைத்திருப்போம். முதல் அரைமணி நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு பொரியும். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் வேகத்தைக் கவனித்தால், 2.3 கிகாஹெர்ட்ஸ் ஓட வேண்டியது 1-க்கும் கீழே படுத்திருக்கும். சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வது அது. தென்காசியில் ஒருவரிடம் கொடுத்துக் கழற்றினால் ஃபேனுக்குள் மெத்தை மாதிரித் தூசி. துடைத்து, சூட்டை வெளியே கடத்தும் புது பேஸ்ட் வைத்துத் தந்தார். அதோடு பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி. 'போர்டு வீக்கு' என்று சொல்லப்பட்ட அதே லேப்டாப்தான் இப்போதும் ஓடுகிறது.

குறை சொல்லாமல் விட முடியாது. ரீப்பரில் கிடைக்கும் ஈக்யூ, கம்ப்ரஸர் மாதிரி எஃபெக்டுகள் எல்லாம் இயந்திரத்துக்கு லேசானவை, வேலையும் சுத்தம், ஆனால் முகம் ஏதோ வருமானவரிப் படிவம் போல. பிரிஃபரன்ஸஸ் ஜன்னலைத் திறந்தால் கீழே போய்க்கொண்டே இருக்கும்; பஃபரிங் பக்கத்தில் இருப்பதைப் புரியாமல் தொட்டால் உள்ளதும் கெடும். வழிகாட்டிப் புத்தகம் 400 பக்கத்துக்கு மேல், எல்லாம் ஆங்கிலம். கைபழக எனக்கு ஒரு சீசன் ஆனது. வாத்தியங்களை வெளியே தேடிப் போட வேண்டியிருப்பது சாதாரண வேலையில்லை. நல்ல ஆர்மோனியம் சாம்பிளுக்கு அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு கேட்கும் வின்ஆம்ப் சாஃப்ட்வேரைச் செய்த ஜஸ்டின் ஃபிராங்கல் என்பவரின் காக்கோஸ் கம்பெனி சரக்கு இது, 2006-இல் 1.0 பதிப்பு வந்தது. டவுன்லோடு ஒரு பாட்டு வீடியோ அளவுகூட இருக்காது. 60 நாள் எந்தப் பூட்டும் இல்லாமல் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன்பிறகு வீட்டு உபயோகத்துக்கும் சிறு வருமானக்காரர்களுக்கும் 60 டாலர், நம் காசில் ஐயாயிரத்துச் சொச்சம். இசையில் வருஷத்துக்கு 20,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கிறவர்களுக்கு 225. செங்கோட்டையில் அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வாங்கிய பதிப்போடு அடுத்த பெரிய பதிப்பு முடியும்வரை அப்டேட்டுக்குத் தனியாகக் காசு கிடையாது. லைசென்ஸ் ஆளுக்குத்தான், ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஓட்டினால் எத்தனையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். புதுசு வாங்க வைத்திருந்த பணத்தில் நான் முதலில் வாங்கியது இந்த லைசென்ஸ், மிச்சத்தில் ஒரு நல்ல மைக்.