குழாய்வழி உணவு: அரைத்த கஞ்சியா, டின் பவுடரா?

பக்கவாதத்தாலோ தலைக்காயத்தாலோ விழுங்கும் திறனை இழந்த நோயாளிக்கு மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டதும், வார்டுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரிடம் ஒரு கேள்வி வந்து சேரும்: வீட்டிலிருந்து கஞ்சி கொண்டு வருகிறீர்களா, டின்னில் வரும் சத்துப் பவுடரை வாங்கிவிடுகிறீர்களா? ஜான் ஆல்ஃபிரட் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1921இல் இந்தக் குழாயை விவரித்தது இரைப்பை நீரை வெளியே எடுத்துச் சோதிப்பதற்காகத்தான். இன்று நம் வார்டுகளில் அது பெரும்பாலும் உணவை உள்ளே அனுப்பவே பயன்படுகிறது. எதை அனுப்புவது என்பதில் இரு தரப்பாருக்கும் உறுதியான கருத்து உண்டு. ‘பவுடரில் என்ன சத்து இருக்கப்போகிறது’ என்பார் பாட்டி. ‘கஞ்சியில் கிருமி வரும்’ என்பார் செவிலியர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

வழக்கமான கஞ்சியின் கணக்கை முதலில் பார்க்கலாம். நோயாளியின் சீட்டில் பெரும்பாலும் ‘200 மி.லி. ஃபீட் (குழாய் உணவு), இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை’ என்றுதான் எழுதியிருக்கும். அந்த 200 மி.லி. சிரிஞ்சில் தடையின்றி இறங்க வேண்டுமானால், அதில் சுமார் 15 கிராம் அரிசி மாவுக்கு மேல் சேர்க்க முடியாது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரியும் 8 கிராம் புரதமும் இருப்பதால், ஒரு வேளைக் கஞ்சியில் கிடைப்பது 50 கலோரியும் ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும்தான். நாளைக்கு ஏழு முறை கொடுத்தாலும் 400 கலோரியைத் தொடுவதில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கிலோவுக்கு 25 கலோரி என்று குறைந்தபட்சமாக வைத்தால்கூட 1,500 கலோரி வேண்டும். புரதம் 60 கிராமாவது வேண்டும். ஆக, அட்டவணைப்படி ஒரு வேளையும் தவறாமல் உணவு பெற்ற நோயாளி, உண்மையில் கால் வயிற்றுக்கும் குறைவாகவே உண்டிருக்கிறார். ஜவ்வரிசிக் கஞ்சியின் நிலை இதைவிட மோசம்; அது ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து. பருப்புத் தண்ணீர் என்று தெளிவை மட்டும் வடித்துக் கொடுத்தால், புரதம் பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும்.

டின் பவுடரின் பலம் இங்கேதான். சொன்ன அளவில் கலக்கினால், வழக்கமான தயாரிப்புகள் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கலோரி தரும். வைட்டமின்களும் தாதுக்களும் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டிருப்பதால், அது மட்டுமே உணவாக இருந்தாலும் உடல் தாக்குப்பிடிக்கும். திரவம் அதிகம் கூடாத சிறுநீரக நோயாளிக்கு மில்லிலிட்டருக்கு இரண்டு கலோரி தரும் வகை இருக்கிறது. பொட்டாசியம் குறைத்த வகையும் சர்க்கரை நோயாளிக்கான வகையும் தனியே உள்ளன. இந்த நுட்பம் அடுப்படியில் எளிதில் வராது. குறிப்பாக, ‘குளிர்ச்சி’ என்று நம்பி ஒரு வேளை ஃபீடுக்குப் பதில் இளநீர் ஊற்றும் வழக்கம் சிறுநீரகம் கெட்டவருக்கு உண்மையிலேயே ஆபத்தானது. ஒரு டம்ளர் இளநீரிலேயே சில நூறு மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது.

ஆனால் டின்னுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். 400 கிராம் டின்னில் ஏறத்தாழ 1,700 கலோரி இருக்கிறது. அதை மட்டுமே நம்பினால் ஒரு டின் ஒரு நாளைக்குச் சற்று மேல்தான் வரும். மாதத்துக்கு 26 டின்னாவது தேவைப்படும். டின் ஒன்றுக்குப் பல நூறு ரூபாய் என்ற நிலையில், நடுத்தரக் குடும்பம் இரண்டாம் வாரத்திலேயே சிக்கனம் பிடிக்கத் தொடங்கும்: ஆறு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி, மீதி தண்ணீர். அந்த வெள்ளை நீர், நீர்த்த கஞ்சியைவிடப் பெரிதாக உயர்ந்ததல்ல. விலை உயர்ந்த பொருளைக் கொடுக்கிறோம் என்ற நிம்மதி மட்டும் குடும்பத்துக்கு மிஞ்சும்.

கிருமி விஷயத்தில் செவிலியர் சொல்வதில் நியாயம் அதிகம். பிலிப்பைன்ஸ் மருத்துவமனைகளில் அரைத்துக் கொடுக்கப்பட்ட குழாய் உணவை ஆராய்ந்து 2001இலும் 2004இலும் வெளியான ஆய்வுகள், அதில் பாக்டீரியா மிகுந்திருப்பதையும், சத்தின் அளவு எதிர்பார்த்தபடி இல்லாமல் மாறிக்கொண்டே இருப்பதையும் காட்டின. நம் ஊரில் குற்றவாளி பெரும்பாலும் மிக்ஸி ஜாரும் ஃபிளாஸ்குமே. காலையில் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றிய கஞ்சியின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், அது கிருமி வளர ஏற்ற இதமான இடமாகிவிடுகிறது; மதியம் அதையே குழாயில் ஏற்றுகிறோம். அதே சமயம், பவுடரும் கிருமி நீக்கப்பட்டதன்று. நேரடியாகத் தொங்கவிடும் திரவப் பைகள்தாம் அப்படி வருகின்றன. கலக்கும் தண்ணீரும் டம்ளரும் கையும் சுத்தமாக இல்லாவிட்டால் டின்னும் காப்பாற்றாது. கலக்கிய பவுடரை வெளியே வைத்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

வயிற்றுப்போக்கு வந்தால் உடனே பழி டின்மேல் விழும். ஆன்டிபயாடிக்கும், சர்பிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த திரவ மருந்துகளும் பல நேரங்களில் உண்மையான காரணமாக இருக்கும். ஃபீடை நிறுத்துமுன் மருந்துச் சீட்டைப் பார்ப்பது நல்லது.

குழாயின் பருமனும் தீர்மானிக்கும். அரைத்த உணவுக்கு 14 ஃபிரெஞ்ச் (குழாயின் பருமனைக் குறிக்கும் அளவு) அல்லது அதற்கு மேற்பட்ட குழாய் வேண்டும்; மென்மையான 8 அல்லது 10 அளவுக் குழாயில் கஞ்சியை ஏற்றினால் அடைத்துக்கொள்ளும், மறுபடி குழாய் மாற்றும் வேதனை நோயாளிக்கு. எனவே ஐ.சி.யூ.வில் இருக்கும் முதல் சில நாட்களில், ஒவ்வொரு கலோரியையும் கணக்கு வைக்க வேண்டிய கட்டத்தில், டின்னை எதிர்த்து வாதாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பல நாள் பட்டினி கிடந்தவர் என்றால், எந்த உணவானாலும் குறைந்த அளவில் தொடங்கி, ரத்தத்தில் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் பார்த்துப் பார்த்தே உயர்த்த வேண்டும்.

வீடு திரும்பியபின் நிலைமை மாறுகிறது. அங்கே கஞ்சியைத் திருத்திக்கொள்ளலாம். முளைகட்டிய கேழ்வரகு மாவு இதற்கு அருமையான கருவி. முளைவிடும்போது உருவாகும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சிதைத்துவிடுவதால், அதிக மாவு சேர்த்தாலும் கஞ்சி நீர்த்தே இருக்கும். ஆனால் முளைத்த தானியத்தைக் கருக வறுத்தால் நொதி செத்துவிடும். 150 மி.லி. பால், 20 கிராம் முளை மாவு, 10 கிராம் பாசிப்பருப்பு மாவு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், 10 கிராம் சர்க்கரை ஆகியவற்றைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, நன்றாக வடிகட்டி 250 மி.லி. ஆக்கினால், ஏறத்தாழ 280 கலோரியும் எட்டு கிராமுக்கு மேல் புரதமும் கிடைக்கும். இது டின்னுக்குச் சளைத்ததன்று. முட்டை சேர்ப்பதானால் வேகவைத்து அரைக்க வேண்டும். பச்சை முட்டையைக் குழாயில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் இதே பக்குவம் பொருந்தாது; டயட்டீசியன் மாற்றித் தர வேண்டும்.

இதிலும் நுண்சத்துக்களின் குறை இருக்கும் என்பதால், நீண்ட நாள் குழாயோடு இருப்பவருக்கு இரண்டையும் கலந்து கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். நாளைக்கு நான்கு வேளை மேற்சொன்ன கஞ்சி, இரண்டு வேளை முழு அளவில் கலக்கிய 250 மி.லி. டின் ஃபீட் என்று வைத்தால் 1,600 கலோரி ஆகிறது. இரண்டு வேளைக் கஞ்சியில் வேளைக்கொரு அவித்த முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்தால் புரதமும் 60 கிராமை நெருங்கும். 400 கிராம் டின் மூன்று நாளைக்கு மேல் வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘200 மி.லி.’ என்பதோடு நிறுத்தாமல் இந்தக் கிராம் கணக்கையும் எழுதித் தரும்படி டயட்டீசியனிடம் கேட்டு வாங்குங்கள். ஃபீட் கொடுக்கும்போது தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்துவதும், முடித்ததும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவதும் எந்த உணவுக்கும் பொது.