அன்ரனா, கேபிள், டிஷ், பைபர்: எங்கள் வீட்டில் எது நின்றது?

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவர் உண்மையில் ஒருவர்தான், அம்மா. மற்ற மூவரும் விறாந்தையைக் கடக்கும்போது நின்று பார்ப்பவர்கள். இது எனக்கு உறைப்பதற்கு நான்கு விதமான இணைப்புகளும் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட மாதக் கட்டணங்களும் தேவைப்பட்டன. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் கூரை அன்ரனா மேற்கே, கடலைப் பார்த்து நின்றது. தூர்தர்ஷன் பார்ப்பதற்காக. காற்றில்லாத கோடை இரவுகளில் கடலுக்கு மேல் சூடான காற்று படலமாகத் தங்கி, அலைகளைத் தூரத்துக்கு வளைத்துக் கொண்டுவரும். அன்று படம் கண்ணாடி போலத் தெரியும். மறுநாள் அதே நேரம் வெறும் புள்ளிமழை. 2011இல் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் திறந்தபோது அன்ரனாவைத் தென்கிழக்கே திருப்பினேன். (எங்கள் கொக்குவில் அல்ல, ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கு அருகே உள்ள கொக்காவில். கனடாவில் இருக்கும் சித்தப்பா அந்த 174 மீற்றர் கோபுரம் எங்கள் ஒழுங்கைக்குள் நிற்பதாக நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.) அங்கிருந்த பழைய கோபுரம் 1990இல் போரில் அழிந்திருந்தது.

அன்ரனாவுக்கு மாதக் கட்டணம் இல்லை. அதன் முதல் நன்மையும் கடைசி நன்மையும் அதுதான். தமிழ் நிகழ்ச்சி தேடினால் நேத்ரா, வசந்தம் என்று சில விரல்களோடு எண்ணிக்கை முடிந்துவிடும். சோளகக் காற்று தொடங்கினால் குழாய் மெல்லத் திரும்பும், ஒருவர் கூரையில், ஒருவர் முற்றத்தில், ஒருவர் பெட்டிக்கு முன்னால் நின்று "போதும், போதும், போய்விட்டது!" என்று கத்த வேண்டும். டிஜிட்டலுக்கு மாறினால் இந்தத் தொல்லை குறையும் என்றார்கள். அதற்கென ஜப்பானின் முறையை நாடு 2014இல் தெரிவு செய்தது. நான் இன்னும் கோடு விழுந்த படத்தோடுதான் காத்திருக்கிறேன்.

பிறகு கேபிள். அம்மா மிகவும் மகிழ்ச்சியாக இருந்த காலம் அது. சென்னைத் தொடர்கள் எல்லாம் ஒரே வயரில் வந்தன. தனிப் பொக்ஸ் கிடையாது, தொலைக்காட்சியின் ரிமோட் ஒன்றே போதும். எந்த எண்ணில் எந்தச் சனல் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் தெருத்தூண்களில் தொங்கும் வயர் யாருடைய பொறுப்பு என்பது கடைசிவரை தெரியவில்லை. லொறி ஒன்று ஒழுங்கைக்குள் வந்து அறுத்துவிட்டுப் போனது; காசு வாங்க மாதந்தவறாமல் வந்த தம்பி, வயரை ஒட்ட மட்டும் மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரமும் அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் போய்க் கதையைக் கேட்டுக்கொண்டு வந்தார். மாமி சொன்ன கதை தொடரைவிட நன்றாக இருந்ததாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

டிஷ் பூட்டியதற்கு அந்தக் கோபம்தான் காரணம். வயர் அறுகிற பிரச்சினை இல்லை, படமும் தெளிவு. லண்டன் வீடுகளில் டிஷ் அடிவானத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம்முடையது அண்ணாந்து நிற்கிறது. ஆகவே மரம் மறைப்பது குறைவு, ஆனால் வேப்பஞ்சருகும் காக்கை எச்சமும் அதற்குள்தான் விழும். கடற்காற்றின் உப்பு திருகாணிகளை இரண்டு ஆண்டில் தின்றுவிட்டது. வாங்குபவர்கள் துருப்பிடிக்காத ஆணி கேட்டு வாங்குங்கள்.

டிஷ்ஷின் உண்மையான எதிரி மழை. டிஷ்ஷுக்கு வரும் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடும், அது எந்த நிறுவனத்தின் குற்றமும் அல்ல. ஆனால் நமக்கு மழை எப்போது பெய்கிறது? ஐப்பசி, கார்த்திகையில், அதுவும் பின்னேரங்களில், தொடர் நடக்கும் நேரத்தில். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது புயல் செய்தியைப் பார்க்க முடியாமல், பற்றரி வானொலியைத் தேடி எடுத்தோம்.

சிலர் இந்திய டிஷ் பொக்ஸ் வாங்கி, சென்னையில் இருக்கும் உறவினர் மூலம் ரீசார்ஜ் செய்கிறார்கள். சனல்கள் கொட்டிக் கிடக்கும். ஆனால் அது இந்தியாவுக்குள் மட்டும் விற்கப்படும் சேவை. ஒருநாள் நின்றுபோனால் யாரிடம் முறையிடுவது? நான் அந்தப் பக்கம் போகவில்லை.

2022 தனிக் கதை. மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரத்தைத் தொட்டது. அப்போது ஒன்றைக் கவனித்தேன்: எங்கள் சிறிய எல்.ஈ.டி. தொலைக்காட்சி, டிஷ் பொக்ஸ், ரவுட்டர் மூன்றும் 12 வோல்ட் அடப்டரில் இயங்குபவை. பழைய கார் பற்றரி ஒன்றிலிருந்து மூன்றுக்கும் வயர் இழுத்தேன். (அடப்டரில் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள், 19 வோல்ட் தொலைக்காட்சிகளும் உண்டு.) முதல் இரவு ஒழுங்கையில் பாதிப் பேர் எங்கள் விறாந்தையில். மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் பார்த்த நினைவு எல்லாருக்கும் வந்தது. அம்மா மட்டும், "திரும்பவும் அந்தக் காலத்துக்கா போகிறோம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அந்த ஆண்டு செப்டெம்பர் 11, ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம். டிஷ்ஷுக்குக் காசு போடாமல் கைத்தொலைபேசியில் இணையம் வழியாகப் பார்த்தேன். இணைய ஒளிபரப்பு அரை நிமிடத்துக்கும் மேல் பிந்தித்தான் வந்தது. பாகிஸ்தானின் 17ஆவது ஓவரில் பக்கத்து வீட்டில் மூன்று தடவை கூச்சல் கேட்டது. ஒவ்வொரு தடவையும் இலங்கையின் ஹசரங்க இன்னும் பந்தை வீசவில்லை, விக்கெட் விழப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது! வெற்றியைக்கூடப் பழைய செய்தியாகத்தான் பார்த்தேன். கிரிக்கெட் பார்ப்பவர்கள் பக்கத்து வீட்டில் என்ன இணைப்பு என்று முதலில் விசாரியுங்கள்.

கடைசியாக பைபர். இணையமும் தொலைக்காட்சியும் ஒரே கண்ணாடி நூலில். மழை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் பூரண சேவை என்று சொல்லமாட்டேன்: 2023 செப்டெம்பர் 17, மறுபடியும் ஆசியக் கிண்ண இறுதி, ஆட்டம் தொடங்கும்போது ரவுட்டரில் சிவப்பு விளக்கு. முறைப்பாட்டு எண்ணில் இசை கேட்டுக்கொண்டே இருந்தேன். படம் வந்தபோது இலங்கை 12 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். அந்தச் சிவப்பு விளக்குக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

அம்மாவை பைபர் பக்கம் இழுத்தது ஒரே ஒரு வசதி: தவறவிட்ட நிகழ்ச்சியைத் திரும்பிப் பார்ப்பது. ஏழரை மணித் தொடரில் அவர் எப்போதும் தூங்கிவிடுவார். ஆனால் அதை எடுக்க ஐந்து பொத்தான்களை அழுத்த வேண்டும், பட்டியல் ஆங்கிலத்தில். இரண்டு ரிமோட் வேறு; ஒன்றில் ஒலி, மற்றதில் சனல். முதல் மாதம் வேலைத்தளத்துக்கு நாளுக்கு இரண்டு அழைப்பு வந்தது. கடைசியில் மகள் ஒரு ரிமோட்டைப் பிளாஸ்ரரால் மூடி, தேவையான ஆறு பொத்தான்களுக்கு மட்டும் துளை விட்டு, திரும்பிப் பார்ப்பதற்குச் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்துக் கொடுத்தாள். நான்கு இணைப்புக்கும் நான் கொட்டிய காசைவிட அந்தப் பொட்டு அதிகம் வேலை செய்தது. சென்ற நல்லூர்த் தேரை அம்மா காலையில் நேரடியாகப் பார்த்தார், பின்னேரம் அதே தேரைத் தானே எடுத்து மறுபடியும் பார்த்தார்.

இப்போது கேபிள் இல்லை. டிஷ் முற்கொடுப்பனவில் கிடக்கிறது; பெரிய ஆட்டம் வந்தால் மட்டும் ரீலோட். மாதாமாதம் கட்டுவது பைபருக்கு. அன்ரனாவைக் கழற்றிவிடலாம் என்று மகள் சொன்னாள். ஏணியைச் சாத்தி ஏறியும் விட்டேன். "சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வாய்?" என்று அம்மா கீழிருந்து கேட்டார். இறங்கி வந்துவிட்டேன்.