ஊர்ப் பெயரா, தலைவர் பெயரா?

குமரி மாவட்ட ரயில் நிலையங்களுக்குப் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான். நாகர்கோவில் என்றால் நாகராஜா கோவில் நினைவுக்கு வரும். சுசீந்திரம் என்றால் இந்திரன் சுத்தம் பெற்ற தலபுராணம். இரணியலுக்குப் பழைய பெயர் இரணியசிங்கநல்லூர். அது தேய்ந்து, ஐந்து எழுத்து மிச்சமாகி, மஞ்சள் பலகையில் நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான்.

ஊர்ப் பெயரிலும் சிக்கல் உண்டு. மார்த்தாண்டம் போக குழித்துறையில் இறங்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

சென்னை மெட்ரோவில் இரண்டு வழியும் உண்டு. ஆயிரம் விளக்கு ஊர்ப் பெயர் வகை: அங்குள்ள பள்ளிவாசலால் பகுதிக்கு வந்த பெயர், சுரங்க நிலையத்துக்கும் வந்துவிட்டது. 2020-இல் ஆலந்தூர், சென்ட்ரல், கோயம்பேடு பஸ் நிலையம் ஆகிய மூன்று மெட்ரோ நிலையங்களுக்கு அண்ணா, எம்.ஜி.ஆர், ஜெயலலிதா பெயர்களைச் சேர்த்தார்கள். நல்லவேளை, பழைய பெயரை எடுக்கவில்லை. எழும்பூரில் இறங்கி மெட்ரோ ஏறும் நம்மூர்க்காரர் இன்றும் "சென்ட்ரல்" என்றுதான் கேட்பார்.

சரி, தலைவர் பெயர் வாயில் நிற்காதா? நாகர்கோவிலிலேயே இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது. மீனாட்சிபுரத்தில் இருப்பதை எல்லோரும் அண்ணா பஸ் ஸ்டாண்ட் என்கிறோம். கிறிஸ்டோபர் பஸ் நிலையத்துக்கோ கண்டக்டர் "வடசேரி, வடசேரி" என்றுதான் கூவுகிறார். சின்னப் பெயர் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். என் ஓட்டு ஊர்ப் பெயருக்கே. தலைவர் பெயர் வைத்தே ஆக வேண்டுமென்றால் அண்ணா மாதிரி ஒரே சொல்லில் வையுங்கள்.