பிரைவேட்டா, டெஸ்டினேஷனா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே கரும்புக்காடாக இருந்த இடங்களில் இன்று மதில் வைத்த எஸ்டேட்டுகள். அப்படி ஒன்றில்தான் அக்கா வீடு. அதன் உள் சாலைகளை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தது நான். கோடு போட அரை மணி நேரம். சாலையில் யார் போகலாம் என்று சொல்லும் ‘ஆக்சஸ்’ கட்டத்தில் பெர்மிசிவ், டெஸ்டினேஷன், பிரைவேட் மூன்றில் எதை எழுதுவது என்று முடிவெடுக்க ஒரு வாரம்.

பெர்மிசிவ் என்றால் உரிமையாளர் மறுக்காதவரை யாரும் போகலாம். காவலாளி நிற்கும் இடத்துக்கு அது ஒத்துவராது, விடுங்கள்.

முதலில் டெஸ்டினேஷன்தான் போட்டேன். உள்ளே வேலை இருப்பவர் வரலாம், குறுக்குவழியாகக் கடந்து போகக் கூடாது என்பது அதன் பொருள். வழிகாட்டும் செயலிகளும் தகராறில்லாமல் வாசல்வரை வழிகாட்டின. அப்புறம் புனித வெள்ளி வந்தது. மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் தீமிதி முடிந்து, சித்தப்பா பிரசாதத் தூக்கோடு நேரே அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். கேட்டில் கோட், அதாவது வீட்டுக்காரர் தரும் அனுமதி எண், கேட்டார்கள். அக்காவோ இன்னும் கோயில் கூட்டத்தில், போன் பைக்குள். சித்தப்பா முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார்.

காவலாளி மேல் தப்பில்லை. ‘எனக்கு உள்ளே வேலை இருக்கிறது’ என்று வருபவர் சொன்னால் அங்கே போதாது. உள்ளே இருப்பவர் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் அனுமதி வாங்க வேண்டுமானால் அதற்குப் பெயர் பிரைவேட். அன்று ராத்திரியே மாற்றிவிட்டேன்.

நிலம் யாருடையது என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. கடைவளாக வண்டி நிறுத்துமிடமும் தனியார் நிலம்தான், யார் வேண்டுமானாலும் போகிறோம். மவுண்ட் எட்ஜ்கோம் எஸ்டேட் ஒன்றின் வேக அபராத வழக்கில், உள் சாலைகள் பொதுச் சாலைகள் என்றது 2017 உயர் நீதிமன்றத் தீர்ப்பு. 2019இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, தனியார் சாலைகள் என்றது. நடுவில் இருந்த காலத்தில் கேட்டில் கோட் கேட்பது நின்றுவிட்டதா என்ன? வரைபடம் சொல்ல வேண்டியது அந்தக் கேட்டில் நடப்பதை.

ஜோகன்னஸ்பர்க் கதை நேர் எதிர். குடியிருப்போர் சங்கங்கள் அனுமதி வாங்கிப் பொதுச் சாலையிலேயே தடுப்புக் கம்பம் வைத்திருக்கின்றன. காவலாளி வண்டியை நிறுத்தலாம், திருப்பி அனுப்ப உரிமை கிடையாது. அங்கே பிரைவேட் போடுவது பச்சைப் பொய். கம்பத்தை மட்டும் குறித்தால் போதும்.

பிரைவேட்டில் ஒரு தொல்லை உண்டு. சில செயலிகள் அதை மூடிய சாலையாக எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பொதுச் சாலையில், மதிலுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடும். ஆஸ்மாண்ட் என்ற வழிகாட்டும் செயலியில் தனியார் சாலைகளை அனுமதிக்க ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டதும் சரியாகிவிட்டது. நான் பார்த்தது காரில் மட்டும்தான், லாரி ஓட்டுபவர்கள் வேறு சொல்லலாம்.

சித்தப்பா போனில் அந்த செட்டிங்கை நானே போட்டுக்கொடுத்தேன். கிளம்பும் முன் கோட் வாங்குவதை அவரே பழகிக்கொண்டார்.